ஏழாவது சிவப்புத் துணி

என் தங்கையின் கணவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் தையல்காரன். துணி தைப்பதைத் தவிர வேறு எதற்கும் நிதானமாக உட்கார்ந்து பழக்கமில்லை. அதனால் இது கோணல்மாணலாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பதினொரு வருடமாக ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே பழகியவர்கள். அவருடைய நல்ல குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் என் கெட்ட குணத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இன்று வரை வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பதினாறு மாடிக் கட்டடமானாலும் சரி, மூன்று மாடி மருத்துவமனையானாலும் சரி, லிஃப்ட் ஓடும் அந்த இருட்டுக் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே தொங்கும் இரும்புப் பெட்டியைப் பார்த்தபடி வேலை செய்பவர். அப்படி இறங்கும் முன் மேலே மின்சாரப் பெட்டியில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார். ஆள் உள்ளே இருக்கிறார், தொடாதே என்று அர்த்தம். அந்த அட்டையை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. யாராவது அட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தால், கீழே ஆள் இல்லை, எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று பொருள். இருபது வருடம் அந்த ஒரு அட்டையை நம்பித்தான் அவர் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அவருக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது வெள்ளத்துக்குப் பிறகு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஊரே தண்ணீரில் நின்றது. அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. கீழே இரண்டு மாடி மூழ்கிவிட்டது. ஐந்து நாள் மின்சாரம் இல்லை, படகு இல்லை, அடுப்பில் வைக்க எதுவும் இல்லை. என் தங்கை அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் மாப்பிள்ளை ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பாதி ரொட்டி வாங்கி வந்தாராம். ஐந்தாம் நாள் படகு வந்தபோது குழந்தை போய்விட்டது. பட்டினியால்தான் போனதா என்று மருத்துவர் சொல்லவில்லை, சொல்ல முடியாது என்றார். மாப்பிள்ளை மட்டும் முடிவு கட்டிவிட்டார். "ஆம்பளன்னு பேரு. அஞ்சு நாள் ஒரு வாய் சோறு போட வக்கில்ல" என்று என் கடையில் வந்து உட்கார்ந்து சொன்னார். அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

அப்புறம் ஒரு நாள் இடுப்பில் கத்தியோடு வந்தார். மடக்குகிற கத்தி இல்லை. முதுகு தடித்த, உள்ளங்கை நீள அலகு. அதன் முதுகில் கட்டையால் தட்டினால் விறகே பிளக்கும். அதை வைத்துப் பொறி செதுக்கக் கற்றுக்கொண்டார். கம்பி இல்லாமல், கயிறு இல்லாமல், மரத்தை மட்டும் வைத்து மிருகம் பிடிக்கிற பொறி. மூன்றே குச்சி. ஒன்று நிற்கும், ஒன்று சாயும், ஒன்று படுக்கும். ஒன்றோடு ஒன்று பொருந்துகிற இடத்தில் சின்னச் சின்ன வெட்டு. சேர்த்து நிறுத்தினால் 4 என்ற எண்ணைப் போல இருக்கும். அதன் தலையில் ஒரு பலகைக் கல்லைச் சாய்த்து வைக்க வேண்டும். படுத்திருக்கும் குச்சியை எலி மூக்கால் தொட்டால் போதும், மூன்றும் ஒரே நொடியில் கலைந்து கல் கீழே வந்துவிடும்.

முதல் தடவை எங்கள் வீட்டு மேசையில் அகராதியைத் தூக்கி நிறுத்திக் காட்டினார். "தொடுங்க மச்சான்" என்றார். தொட்டேன். படாரென்று விழுந்த சத்தத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"வாரத்துல ஆறு நாள் விழாம பாத்துக்கறீங்க. ஏழாவது நாள் விழ வைக்கறீங்க. நல்ல பொழப்பு மாப்பிள்ளை" என்றேன். எல்லாரும் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை.

அவள் அன்றிலிருந்தே சிரிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் எங்கே கூட்டினாலும் மரச் சீவல். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து அறையிலிருந்து சரக் சரக் என்று செதுக்கும் சத்தம். செதுக்கிய குச்சிகளை மூன்று மூன்றாக நூலால் கட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "அடுத்த தடவைக்கு" என்பார். அவர் பேச்சில் எப்போதும் ஓர் அடுத்த தடவை இருந்தது. மேகம் கறுத்தாலே டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்.

"அண்ணே, இந்த வீட்ல நான் வாழல. ஏதோ வரப்போகுதுன்னு காவல் இருக்கேன்" என்று தங்கை என்னிடம் சொன்னாள். அவள் என் கடைக்குத்தான் வேலை செய்தாள். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஓரம் மடித்து அடிப்பது எல்லாம் அவள் கை. இடது கையின் கடைசி இரண்டு விரலால் துணியை இழுத்துப் பிடித்து அவள் ஊசி ஓட்டுகிற அழகை வாடிக்கையாளர்கள் நின்று பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டுக்குப் போவார். ஒரு மணி நேரத்தில் ஏழு பொறி வைப்பது, பிறகு ஏழையும் தட்டி விழ வைத்துவிட்டுத் திரும்புவது. இரை வைக்கமாட்டார். தேவையில்லாமல் ஓர் உயிரைக் கொல்வது பாவம், இது பயிற்சிதான் என்பார். ஒவ்வொரு பொறிக்கும் பக்கத்துக் கிளையில், ஆள் பார்வைக்குப் படுகிற உயரத்தில், ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். அந்தத் துணி என் கடையில் வெட்டி மிஞ்சியது. பொறியைத் தட்டிய பிறகுதான் துணியை அவிழ்ப்பார். கிளம்பும்போது கையில் ஏழு துணி இருந்தால் காட்டில் எதுவும் நிற்கவில்லை என்று கணக்கு. லிஃப்ட் அட்டையை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோயிருந்தார், அவ்வளவுதான். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

தங்கை மறுபடி உண்டானாள். எல்லாருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எலி அளவுப் பொறி போதாது, இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு ஆகிற மாதிரி பெரிதாக வேண்டும் என்று புலம்ப ஆரம்பித்தார். நாலாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஒரு கை குடுங்க மச்சான், கட்டை தூக்கணும்" என்று என்னையும் அழைத்துப் போனார். அவரைத் தனியாக விடவேண்டாம் என்று தங்கையும் சொன்னாள். அதனால் போனேன். கொஞ்சம் வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

பாதைக்குப் பக்கத்திலேயே, ஒரு புதருக்குப் பின்னால், பட்டுப்போய் விழுந்த மரத்துண்டு ஒன்று கிடந்தது. தொடைத் தடிமன், ஆள் நீளம். அங்கேயே பச்சைக் கிளை வெட்டி மூன்று தடித்த குச்சி செதுக்கினார். இருவரும் மூச்சு முட்டக் கட்டையின் ஒரு முனையைத் தூக்கி அந்தக் குச்சிகளின் மேல் சாய்த்தோம். நின்றது. இலை அசைந்தாலே விழுந்துவிடும் போலிருந்தது, ஆனால் நின்றது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். கிளையில் சிவப்புத் துணியைக் கட்டினார். மற்ற ஆறையும் வைக்க உள்ளே போனார். நான் பாதையில் நின்று கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து தொப், தொப் என்று கற்கள் விழும் சத்தம் கேட்டது. தூரத்தில் இருப்பதை முதலில் தட்டி, பாதைக்கு அருகில் இருப்பதைக் கடைசியில் தட்டுவது அவர் வழக்கம். அது எனக்குத் தெரியாது. நான் சத்தத்தை எண்ணவும் இல்லை. எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் நினைத்தேன். தலைக்கு மேலே அந்தச் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. நல்ல பாப்ளின், மறந்துவிட்டுப் போகிறாரே என்று அவிழ்த்துக்கொண்டேன். ஒரு துண்டுத் துணி வீணாகப் போனாலும் எனக்குப் பொறுக்காது. புத்தி அப்படி.

மாப்பிள்ளை வியர்த்து வழிய வந்தார். கையிலிருந்த துணிகளை எண்ணினார். "ஆறு" என்று சொல்லிவிட்டுப் புதர்ப் பக்கம் திரும்பினார்.

"ஏழாவது இதோ" என்று நீட்டினேன்.

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். தோளில் தட்டி, "பரவால்லயே மச்சான், தேறிட்டீங்க" என்றார். எதற்காகப் பாராட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை. பாராட்டு கிடைத்தால் யாராவது காரணம் கேட்பார்களா? பூரித்துப் போய் அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டை நின்றுகொண்டிருந்தது. அடையாளத் துணியும் இல்லாமல் ஒரு வாரம் முழுக்க நின்றது. அந்த வாரம் நான் பதினாறு சட்டை தைத்தேன், ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன், நன்றாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் அந்தத் தூக்கத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த ஞாயிறு காலை கடையைத் திறந்து அரை மணி நேரம் இருக்கும். மாப்பிள்ளை வந்தார்.

"உங்க தங்கச்சி இங்க வந்தாளா?"

"வரலையே. என்ன சண்டையா?"

"சண்டைன்னு இல்ல. டப்பாவக் காணோம், அவளையும் காணோம். 'எங்கேருந்து வந்துச்சோ அங்கயே கொண்டுபோய்ப் போடறேன்'னு நேத்தே சொன்னா. சூளைப் பக்கம்தான் போயிருப்பா. வழியில எங்கயாவது ஒளிச்சு வச்சுட்டு வந்துருவா. வரட்டும்." சிரித்தார். கோபமே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வயித்துல புள்ளையோட அவ்ளோ தூரம் பஸ்ல போய் நடக்கணுமா? சொன்னா நானே தூக்கிப் போட்டிருப்பேன்."

நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன்" என்றார். "போன வாரம் அந்தப் பெரிய கட்டைய எப்படித் தட்டினீங்க? நீளக் குச்சிதான? பக்கத்துல போகலயே?"

"எந்தக் கட்டை?" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். என் கையிலிருந்த நாடா தரையில் ஓடியது. கடையைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியாது. அவர் வண்டியை விரட்டினார். எதிர்க்காற்றில் என் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எதுவும் ஆகியிருக்காது, இவ்வளவு பெரிய காட்டில் அவள் எங்கேயோ, அது எங்கேயோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது பாதைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி எவ்வளவு தூரம் உள்ளே போவாள்? பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத முதல் மறைவிடம் அந்தப் புதர்தான்.

சூளையைத் தாண்டியதும் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். பதில் இல்லை. பாதை ஓரத்தில் அவள் செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

புதருக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மண் நிறத்தில் இருந்தது. கட்டை விழுந்து கிடந்தது. அதன் அடியில் டப்பா தகடாக நசுங்கியிருந்தது. டப்பாவைத் தள்ளிய இடது கையும் அடியில்தான் இருந்தது. கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள் போல. எங்களைப் பார்த்து மெதுவாக, "தூக்குங்க" என்றாள்.

போன வாரம் தூக்கிய அதே முனையை, அதே இரண்டு பேர் தூக்கினோம்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் நொறுங்கிவிட்டன, இனி மடங்காது என்றார்கள். கட்டுப் போட்ட கையோடு படுத்தபடி அவள் கேட்டாள்.

"அது யாரு வச்சது?"

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

"எப்பவும் தட்டிட்டுத்தான வருவீங்க?"

"இதைத் தட்டல."

"ஏன்?"

அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "தப்பு என்னுது" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது, சத்தியமாக வந்தது. அப்போது நர்ஸ் உள்ளே வந்தார். அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. "ஒரு புள்ளைய வெள்ளம் கொண்டு போச்சு. இந்தப் புள்ளைய அவரே கொன்னிருப்பார்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அண்ணன். அடைக்கலம் கொடுத்தேன். ஊரார் என்னைப் பெருமையாகப் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். மாடிக்கு வரமாட்டார். எதிர்ப்பக்கம் பூட்டிய கடையின் ஷட்டர் அருகே நின்று எங்கள் ஜன்னலைப் பார்ப்பார். ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு. நான் இறங்கிப் போனால் பழப் பையைக் கொடுப்பார். "கை எப்படி இருக்கு? சாப்பிடறாளா?" இந்த இரண்டு கேள்விதான். இடுப்பில் கத்தி இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் மாப்பிள்ளை என்னைக் காட்டிக் குடுக்கல?"

"அட்டைய மாட்டினவன்தான் கழட்டணும் மச்சான். நீங்க தைக்கறவரு, உங்களுக்கு அது துணி. நீட்டினதும் வாங்கினேன் பாருங்க, எனக்குப் புத்தி எங்க போச்சு?" தலையால் ஜன்னலைக் காட்டினார். "அதுவுமில்லாம, இப்ப அவளுக்கு ஒரு வீடு வேணும், நேரத்துக்குச் சாப்பாடு வேணும். உங்க மேலயும் வெறுப்பு வந்துட்டா எங்க போவா? பொறக்கற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

வெள்ளத்தில் ஒரு வாய் சோறு போட முடியாமல் போனவர், இந்தத் தடவை தன் பெயரையே கொடுத்து அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் பழப் பையை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். வெட்கம் என்பது அவ்வளவு சீக்கிரம் ஆளைக் கொல்லாது போலிருக்கிறது.

இன்று ஒன்பதாவது மாதம். காலையில் தங்கை ஒரு சின்னச் சட்டைக்கு ஓரம் அடித்துப் பார்த்தாள். மடங்காத இரண்டு விரலுக்கிடையில் துணி நழுவி நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் அதை எடுக்கவில்லை. "அண்ணே, பொறந்தா அவருக்குச் சொல்லி விட வேண்டாம். அவர் கையில புள்ளையக் குடுக்க எனக்குத் தைரியமில்ல" என்றாள்.

குனிந்து அந்தச் சட்டையை எடுத்தேன். எடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். துணியைப் பார்த்தது, அவிழ்த்தது, நீட்டியது, தோளில் தட்டு வாங்கியது, மருத்துவமனையில் வாயை மூடியது, அவர் கீழே நின்று சொன்னது, எல்லாவற்றையும். ஒன்றும் விடவில்லை. அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலே அவள் முகத்தைக் கண்டதும் பயந்தவர் போல ஷட்டரோடு ஒட்டிக்கொண்டார்.

"அஞ்சு மாசம்" என்றாள் திரும்பாமலே. "அஞ்சு மாசமா அவர் அங்க நிக்கறதை நீ இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தே?"

"ஆமாம்மா."

"நான் ஏசினப்ப எல்லாம் பக்கத்துலதான இருந்தே?"

"ஆமா."

"என் வெரலு போனதுகூடப் பெரிசில்ல. நீ தெரியாம செஞ்சது. தெரிஞ்சு செஞ்சது இது" என்றாள். நல்ல கையால் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் தாங்கிப் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள்.

அவர்கள் போய் நாலு மணி நேரம் ஆகிறது. அரைகுறையாக ஓரம் அடித்த சட்டை மேசையில் கிடக்கிறது. அதை முடித்து யாரிடம் கொடுத்தனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.